பெரிய மார்க்கெட் பிள்ளைகளின் பங்குனியும் சித்திரையும்

புதுச்சேரியின் அரசு தொடக்கப் பள்ளிகளில் மாசி பிறந்ததிலிருந்து கோடை விடுமுறை விடும் நாள் வரை ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரம் இருப்பதில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின், அதாவது சிபிஎஸ்இயின், நாட்காட்டி ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதாலும், அந்த வாரியத்தின் பாடத்திட்டத்தையே இந்த யூனியன் பிரதேசம் ஏற்றுக்கொண்டிருப்பதாலும், அறிவியல் கண்காட்சி, ஆண்டு விழா, ஆண்டுத் தேர்வு, தேர்ச்சி அட்டை வழங்கும் நாள், மழலையர் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குக் குட்டி அங்கி அணிவித்து நடத்தும் பட்டமளிப்பு, புதிய சேர்க்கை, புதிய வகுப்பின் முதல் பெற்றோர் கூட்டம் என எல்லாமே சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. நடுவில் மாசி மகத் தீர்த்தவாரிக்காகச் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவர்கள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்திறங்கும் நாளில் உள்ளூர் விடுமுறை; பிறகு பங்குனி உத்திரம், ஈஸ்டர், தமிழ்ப் புத்தாண்டு. ஒரு கல்வியாண்டு முடிவதும் இன்னொன்று பிறப்பதும் ஒரே பருவத்தில் நிகழ்வதால், ஆண்டின் வேறெந்தக் காலத்தையும்விட இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் பள்ளி தன் குடும்பங்களை அதிகம் அழைக்கிறது.

அந்த அழைப்பு யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டாமல் போகிறது என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய கேள்வி. அதைப் புதுச்சேரியில் எழுப்புவதற்குப் பெரிய மார்க்கெட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பூக்கடை, மீன்கடை, வாழை மண்டி, காய்கறிக் கூடை என்று இந்த மார்க்கெட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நகரத்தின் தொடக்கப் பள்ளிகளில் படிக்கிறார்கள்; அவர்களுடைய தாய்தந்தையரின் நாள் தொடங்குவதும் முடிவதும் பள்ளியின் நாளோடு சற்றும் ஒத்துப்போவதில்லை. இந்தக் குடும்பங்களைப் பள்ளி நிகழ்ச்சிகளில் காண முடியவில்லை என்றால் அதற்கு அக்கறையின்மையைக் காரணம் சொல்வது எளிது. ஆனால் அது சரியான காரணம் அல்ல.

மணிக்கூண்டைச் சுற்றி

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே, நடுவில் பழைய மணிக்கூண்டுடன் விரிந்திருக்கும் இந்த அங்காடிக்கு அரசு ஏடுகளில் குபேர் அங்காடி என்று பெயர். புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. ஊர் மக்களின் வாயில் அது என்றைக்கும் பெரிய மார்க்கெட்தான். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இதன் அருகிலேயே இருக்கிறது. சரக்கு விலையும் கப்பல் வரவும் கவனமாகப் பதிவான அந்த நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த ஊரில் வணிகமும் எழுத்தும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்பது புரியும்.

அந்த நெருக்கம் பள்ளிகளிலும் தெரிகிறது. இன்று பிரெஞ்சு லிசே என்று அறியப்படும் கல்விக்கூடம் 1826-இலும், பெத்தி செமினார் பள்ளி 1844-இலும், கல்வே சுப்புராய செட்டியாரின் கொடையால் உருவான கல்வே கல்லூரி 1877-இலும் தோன்றின. இவை யாவும் மார்க்கெட்டிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ளன. இவற்றுக்கு முன்பும் இவற்றோடு சேர்ந்தும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஓர் ஆசிரியர் ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்து மணலில் எழுத்தும், வாய்ப்பாடாக எண்சுவடியும் கற்பித்த அந்த ஏற்பாட்டில் குடும்பமும் பள்ளியும் வெவ்வேறாக இருக்கவில்லை. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டக் கோலுடன் ஆசிரியரை முன்னிட்டு வீடு வீடாகச் சென்று பாடி, வீட்டார் தரும் பணத்தையும் துணியையும் பெற்று வருவது வழக்கமாக இருந்தது. திண்ணைப் பள்ளியின் கண்டிப்பும் பிரம்படியும் சாதி வேலியும் இன்று யாரும் திரும்ப விரும்பக் கூடியவை அல்ல; ஆயினும் பள்ளி தெருவுக்குள் நடந்து வந்தது என்ற ஓர் அம்சத்தை மட்டும் மறக்காமல் இருப்பது நல்லது.

இந்தத் திண்ணை மரபிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்து, பிறகு அரசுப் பள்ளி ஆசிரியராகவே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் கவிஞர் பாரதிதாசன். 1891 ஏப்ரல் 29 அன்று புதுச்சேரியில் பிறந்த அவர், திருப்புளிசாமி ஐயாவிடம் திண்ணைப் பள்ளியில் தொடங்கி, கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று, 1909-இல் காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1946 வரை 37 ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். பிள்ளைகளுக்கென்றே அவர் எழுதிய பாடல்கள் 'இளைஞர் இலக்கியம்' என்ற நூலாக உள்ளன. அவர் வாழ்ந்த பெருமாள் கோயில் வீதி வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஏப்ரல் 29 அன்று அந்த வீட்டுக்கு மாலையணிவிக்க வரும் பிரமுகர்களோடு, பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளும் தங்கள் வீட்டாருடன் வந்து, ஒரு வாத்தியாரின் வீடு இது என்று தெரிந்துகொள்ள வழி செய்யலாம்; கட்டணமோ பேருந்தோ தேவைப்படாத குடும்ப நிகழ்ச்சி அது.

தனி வாரியம் இல்லாத ஊர்

பங்குனியில் இத்தனை நெருக்கடி ஏன் என்பதற்குப் பதில் புதுச்சேரிப் பிரதேசம் அமைந்திருக்கும் விதத்திலேயே இருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் விலகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு நிறைவேறிய பிறகும், நான்கு பகுதிகளாகச் சிதறிக் கிடக்கும் இந்தப் பிரதேசத்துக்கென்று ஒரு பள்ளிக் கல்வி வாரியம் அமையவில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றின. தொடக்க வகுப்புகளில் சிபிஎஸ்இ பாடத்திட்டம் முன்னரே படிப்படியாகப் புகுந்துவிட்டது. 2023-24 கல்வியாண்டில் அது 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கும் 11-ஆம் வகுப்புக்கும் விரிவடைந்து, மறு ஆண்டில் பொதுத்தேர்வு வகுப்புகளையும் எட்டியது.

இந்த மாற்றத்தின் பாடநூல் பக்கம் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. நாட்காட்டி பக்கம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. தமிழ்நாட்டு முறையில் ஏப்ரலில் தேர்வு முடிந்தால் ஜூன் வரை ஒரு முழுக் கோடை இருந்தது. அந்த இடைவெளியில் குடும்பங்கள் சீருடைக்கும் செருப்புக்கும் பைக்கும் பணம் திரட்டின, சொந்த ஊருக்குப் போய் வந்தன, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று நாலு பேரிடம் கேட்டன. ஏப்ரலிலேயே புதிய வகுப்பு தொடங்கும் முறையில் அந்த அவகாசம் சுருங்குகிறது. அரசுப் பள்ளிகளில் பாடநூல் விலையில்லாமல் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரு பிள்ளை அரசுப் பள்ளியிலும் இன்னொன்று தனியார் பள்ளியிலுமாகப் படிக்கும் குடும்பங்கள் மார்க்கெட்டில் குறைவல்ல. அவர்களுக்கு ஏப்ரல் என்றால் தண்டல் மாதம். தண்டல் என்பது மொத்தமாக வாங்கி, நாள்தோறும் கடை தேடி வருகிறவரிடம் ஒரு தொகையாகத் திருப்பிக் கட்டும் கடன். வட்டி முன்கூட்டியே பிடிக்கப்பட்டுவிடும்.

மீன்கடைக் குடும்பங்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூர்மையானது. கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தைக் காக்க ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்வது தடை செய்யப்படுகிறது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் ஏறத்தாழ ஓய்ந்துவிட, மார்க்கெட்டில் கூடை வைக்கும் பெண்களுக்குக் கட்டுமர, நாட்டுப்படகு மீனும் வெளியூர் ஐஸ் மீனும் மட்டுமே மிஞ்சுகின்றன. புதிய வகுப்பு தொடங்கிச் செலவு வந்து நிற்கும் அதே வாரத்தில் வரவு நின்றுபோகிறது. சேர்க்கைக் கட்டணத்தையும் சுற்றுலாக் கட்டணத்தையும் தீர்மானிக்கும் பள்ளிகள் தடைக்காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வது கருணையின்பாற்பட்டது அன்று. கடலோர ஊரொன்றில் பள்ளி நடத்துவதன் அடிப்படை அறிவு.

கூட்டம் எத்தனை மணிக்கு?

2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியதோடு நிற்கவில்லை. அதன் 21-ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. தலைமையாசிரியரும் உள்ளாட்சி உறுப்பினரும் இடம்பெறும் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும், நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்களோ அந்த விகிதத்தில் அவர்களுடைய பெற்றோருக்கு இடம் உள்ளதாகவும் அமைய வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இதன் கடமைகள். பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு இல்லாத சட்ட வலு இந்தக் குழுவுக்கு உண்டு. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுவதற்கும் நன்கொடை திரட்டுவதற்கும் மட்டும் உரிய அமைப்பாக இதைக் குறுக்கிவிடக் கூடாது.

சட்டம் பெற்றோருக்கு நாற்காலி போட்டுவிட்டது. அந்த நாற்காலியில் வந்து உட்காரும் நேரத்தைச் சட்டம் சொல்லவில்லை. மீன்கடைப் பெண் விடியுமுன் துறைமுக ஏலத்துக்குப் போய், கூடையோடு மார்க்கெட் சேர்ந்து, போனி ஆன பிறகே, அதாவது அன்றைய முதல் விற்பனை முடிந்த பிறகே, ஒரு டீ குடிக்கிறார். பூக்காரர் வெளியூர் வண்டியில் வந்திறங்கும் மல்லிகையை மொத்தக் கடையில் எடுத்து, கட்டத் தொடங்கும்போது தெரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். காலை 7 முதல் 11 வரை விற்பனை உச்சத்தில் இருக்கும். பள்ளிகளில் கூட்டம் வைக்க வசதியாகத் தோன்றும் காலை 10 மணி இவர்களுக்கு நாளின் விலைமதிப்பு மிக்க மணி. கடையை ஒப்படைத்துவிட்டு வர ஆளில்லை. விற்றாலும் விற்காவிட்டாலும் அடிக்காசு கட்டியாக வேண்டும். அடிக்காசு என்பது தரையில் கடை போடுகிறவர்கள் அந்த இடத்துக்காக நாள்தோறும் செலுத்தும் கட்டணம். நகராட்சி உரிமையின் பெயரால் வசூலாகும் இந்தத் தொகை புதுச்சேரியின் சில்லறை வியாபாரிகளை ஓயாமல் அலைக்கழிக்கும் விஷயங்களுள் ஒன்று.

பிற்பகல் 2 மணிக்குமேல் 4 மணி வரை மார்க்கெட் ஓய்ந்திருக்கும். சாக்குக்கு அடியில் ஈரத்துணி போட்டுக் கீரையை மூடி வைத்துவிட்டுக் கடைக்காரர்கள் கண்ணயரும் நேரம் அது. கூட்டம் அப்போது நடந்தால் பாதி வருகை தானாகவே கூடிவிடும். பள்ளி வேலைநேரத்துக்குள்ளேயே அடங்கும் நேரம் என்பதால் ஆசிரியர்களுக்கும் கூடுதல் சுமை இல்லை. அதையும் தாண்டி, ஆண்டுக்கு ஓரிரு முறை குழுவே மார்க்கெட்டுக்குச் சென்று, ஒரு கிடங்கின் முன்னாலோ சங்கக் கட்டடத்திலோ கூடினால், பள்ளிப் படியேறத் தயங்கும் பெற்றோரும் பேசுவார்கள். மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், பெருந்தொற்றுக் காலத்தில் விட்டுப்போன பாடங்களைத் தன்னார்வலர்கள் மூலம் பிள்ளைகளின் வாசலுக்கே கொண்டுசென்றது. புதுச்சேரியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணம், பள்ளி இருக்கும் இடத்துக்குக் குடும்பம் வர முடியாதபோது குடும்பம் இருக்கும் இடத்துக்குக் கல்வி செல்ல வேண்டும் என்பதுதான்.

கூறும் முழமும் கவுளியும்

பங்குனி மாதத்து நிகழ்ச்சிகளில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது சந்தை நாள். மைதானத்திலோ தாழ்வாரத்திலோ பிள்ளைகளே கடை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த காயையும் சுண்டலையும் மோரையும் விற்று, வரவு செலவு எழுதிக் காட்டும் இந்த நிகழ்ச்சி பல தொடக்கப் பள்ளிகளில் கணிதப் பாடத்தின் பகுதியாக நடத்தப்படுகிறது. பெரும்பாலான இடங்களில் இது வேடிக்கையாகவே முடிந்துவிடுகிறது. ஆசிரியர்கள் பத்து ரூபாய்க்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிச் சாப்பிட்டுப் பாராட்டுவதோடு சரி. அதற்குள் இருக்கும் கல்வியின் ஆழம் எவ்வளவு என்பதை உலகின் இரண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பிரேசிலின் ரெசிஃபே நகரத்து அங்காடிகளில் பொருள் விற்றுக்கொண்டிருந்த 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளை ஆய்வு செய்த டெரசின்யா நூனெஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள் 1985-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கடையில் வாடிக்கையாளராக நின்று கேட்டபோது ஏறத்தாழ 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சுமார் 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள். ஒன்று 35 குருசேரோ விலையுள்ள 10 தேங்காய்க்கு எவ்வளவு என்று கேட்டபோது, மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, மேலும் மூன்று 315, ஒன்று சேர்த்தால் 350 என்று அவர்களுள் ஒரு சிறுவன் கூட்டிக்கொண்டு போனான். பத்தால் பெருக்க ஒரு சுழியைச் சேர்த்தால் போதும் என்ற பள்ளி வழி அவனுக்குத் தேவைப்படவில்லை. நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் சிலரும் கொல்கத்தா, டெல்லி அங்காடிகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளையும், அங்காடி அனுபவம் இல்லாத 471 பள்ளிப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வு 2025-இல் நேச்சர் இதழில் வந்தது. அங்காடிப் பிள்ளைகள் வியாபாரக் கணக்கில் தேர்ந்தும் ஏட்டுக் கணக்கில் தடுமாறியும், பள்ளிப் பிள்ளைகள் ஏட்டில் ஓரளவு தேறியும் வியாபாரக் கணக்கில் திணறியும் நின்றார்கள். ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேரும்படி கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பெரிய மார்க்கெட்டில் இதற்கான பாடநூல் தரையிலேயே விரிந்து கிடக்கிறது. கூறு கட்டும் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கூடைச் சிறுமீனையோ கத்தரிக்காயையோ ஒரு விலைக்கு எடுத்த பெண், எடைக்கல்லைத் தொடாமல், கையால் அள்ளி அள்ளிச் சம அளவுக் குவியல்களாகப் பிரிக்கிறார். எத்தனை கூறு விற்றால் போட்ட முதல் திரும்பும், எத்தனை கூறு கூலியாகும், உச்சிவெயிலில் வாடிப்போகும் கடைசிக் கூறுகளை எந்த விலைக்குத் தள்ளிவிட்டாலும் நட்டமில்லை என்பதெல்லாம் அவர் கை குவியலை அமைக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. வகுத்தல், மதிப்பீடு, இலாப நட்டம் ஆகிய மூன்று பாடங்கள் அந்தச் சில நிமிடங்களில் நடக்கின்றன. இந்தப் பெண்ணை ஒரு பிற்பகலில் நான்காம் வகுப்புக்கு அழைத்து, நூறு புளியங்கொட்டையைக் கொடுத்துக் கூறு கட்டச் சொல்லி, அவர் சொல்லும் கணக்கைப் பிள்ளைகள் பலகையில் குறியீடுகளால் எழுதினால், அந்த இரண்டு ஆய்வுகளும் சுட்டிய இடைவெளிமேல் ஒரு பாலம் போட்டதாகும்.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான நீளம். பூக்காரர் ஒருவரையும் ஒரு பந்து நூலையும் வைத்துக்கொண்டு, அவருடைய முழம், ஆசிரியரின் முழம், ஆறு வயதுப் பிள்ளையின் முழம் மூன்றையும் அளந்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால், அலகு என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதன் தேவை பிள்ளைகளுக்குக் கண்முன்னே விளங்கும். மீட்டர் பிறந்த கதையை அதன்பின் சொன்னால் அது மனத்தில் நிற்கும். அதுபோலவே, பொதுவாக 100 வெற்றிலை ஒரு கவுளி என்பதும், சீப்புகள் சேர்ந்து தார் ஆவதும், தொகுத்து எண்ணுதலையும் இடமதிப்பையும் கற்பிக்கப் போதுமானவை. பல்லாண்டுகள் இந்த அளவுகளோடு புழங்கியும், தமக்கு ஒன்றும் தெரியாது என்று பள்ளி வாசலில் ஒதுங்கி நிற்கும் தாயும் தந்தையும், தம் பிள்ளையின் வகுப்பில் கற்பிப்பவராக நிற்கும் நாளில், அந்தப் பிள்ளை தன் வீட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

அறிவியலுக்கும் இது பொருந்தும். ராமன் விளைவு கண்டறியப்பட்டதை நினைவுகூரும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளை ஒட்டிப் பள்ளிகளில் கண்காட்சி நடக்கிறது. கடையில் வாங்கிய எரிமலை மாதிரிகளும் அச்சடித்த அட்டைகளும் மேசைகளை நிறைக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் இணைந்து 1987 முதல் வெளியிட்டுவரும் 'துளிர்' இதழ், கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டே சோதனை செய்து பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கி வருகிறது. மீனின் செவுள் நிறம் பார்த்துப் புதுசா பழசா என்று சொல்லும் பாட்டி, மாங்காய் எந்த மரத்தின் காய் என்று காம்பைப் பார்த்துச் சொல்லும் தாத்தா ஆகியோரின் அறிவைக் கண்காட்சி மேசையில் வைக்க அதிகம் செலவாகாது.

பாலும் பிஸ்கட்டும் மதியச் சோறும்

பள்ளியையும் அடுப்பையும் இணைத்ததில் புதுச்சேரிக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920-இல் பிட்டி தியாகராயர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1956-இல் காமராஜரும் 1982-இல் எம்.ஜி.ஆரும் அதை விரிவாக்கியதும் தமிழர் அனைவரும் அறிந்த செய்தி. பிரெஞ்சு நிர்வாகம் 1930-இலேயே புதுச்சேரியில் பள்ளி மதிய உணவைத் தொடங்கியது என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 2002-இல் ராஜீவ் காந்தி பெயரில் வந்த காலைச் சிற்றுண்டித் திட்டம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலும் பிஸ்கட்டும் வழங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்குவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது. தாய் விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போய்விட்ட வீட்டில், முதல் நாள் சோற்றில் நீர் ஊற்றி வைத்ததைத் தின்றோ தின்னாமலோ வரும் பிள்ளைக்கு அந்தக் காலைப் பால் எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பருவத்தில் பள்ளிகளில் நடக்கும் உணவுத் திருவிழாக்களில் பெற்றோர் சமைத்துக் கொண்டுவரும் பண்டங்கள் அணிவகுக்கின்றன. இங்கே ஒரு கவனம் தேவை. பரிசுக்குரிய போட்டியாக அதை நடத்தினால், நேரமும் பணமும் உள்ள வீடுகளே முன்னிற்கும். மார்க்கெட் குடும்பம் வெறுங்கையோடு பின்வரிசையில் நிற்கும். வெள்ளரி, நுங்கு, தர்பூசணி, கிர்ணிப்பழம், முந்திரிப்பழம் என அந்தந்த வாரம் மார்க்கெட்டுக்கு வரும் பொருளை மட்டும் வைத்துப் பள்ளியிலேயே எல்லோரும் சேர்ந்து ஒரு வேளை உண்பது என்று ஏற்பாடு செய்தால், எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, எது நல்லது என்று சொல்லும் இடத்தில் அந்தக் குடும்பமே நிற்கும்.

கோடையில் பிள்ளைகள் எங்கே?

விடுமுறை விட்டதும் மார்க்கெட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடுகிறது. வீட்டில் தனியே விட முடியாததால் கடைக்கு அழைத்து வருகிறார்கள். வந்த பிள்ளை சும்மா இருக்குமா, பை எடுத்துக் கொடுக்கும், சில்லறை மாற்றி வரும். 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று ஆக்கியதோடு, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவுவதற்கு விலக்களித்தது. அந்த விலக்கின் எல்லை மிக மெல்லியது. உதவியாகத் தொடங்குவது ஐந்தாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைக்கு முழுநேரக் கடையாக மாறி, பள்ளி திறக்கும்போது அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் நிலை வருவதற்கு ஒரு கோடை போதும். சந்தைக் கணக்கைப் போற்றும் எவரும் இந்த அபாயத்தை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. சந்தை அறிவை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டுமே தவிர, பிள்ளையை வகுப்பிலிருந்து சந்தைக்கு அனுப்புவது அதன் பொருள் அன்று.

மாற்று இடங்கள் ஊருக்குள்ளேயே உள்ளன. 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்கா இன்றும் குடும்பங்களை ஈர்க்கிறது. 1827-இல் தொடங்கி இப்போது ரோமன் ரோலான் பெயரில் இயங்கும் நூலகம் பாரதி பூங்காப் பக்கம் இருக்கிறது. ஜவகர் சிறுவர் இல்லம் பாட்டு, நடனம், ஓவியம், கைவினை என்று கோடைப் பயிற்சி நடத்துகிறது. குறை இவற்றில் இல்லை; பயிற்சி தொடங்கும் நாளும் நேரமும் விண்ணப்பிக்கும் முறையும் கடைக்காரத் தாயின் காதுக்கு எட்டாததில் இருக்கிறது. கடைசி வேலைநாளில் தேர்ச்சி அட்டையோடு சேர்த்து, இந்த இடங்களின் பட்டியலை எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாயால் சொல்லிவிடுவதும் பள்ளி செய்யக்கூடிய காரியமே.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 2017-இல் புதுச்சேரி சேர்ந்த பிறகு, மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனையும் வியாபாரிகளின் எதிர்ப்பும் மாறி மாறிச் செய்தியாகி வருகின்றன. கடைகளின் அளவு, வாடகை, தற்காலிக இடம் என்று பேச்சுவார்த்தையில் எத்தனையோ அம்சங்கள் உண்டு. மார்க்கெட் எப்படிக் கட்டப்பட்டாலும், பள்ளி விட்டதும் அங்கே வரும் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க, காற்றும் வெளிச்சமும் கழிப்பறையும் உள்ள ஓர் அறை அந்த வரைபடத்தில் இடம்பெற வேண்டும். வண்டி நிறுத்த இடம் ஒதுக்குகிற திட்டத்துக்கு இது பெரிய கோரிக்கை இல்லை.

கல்விச் சீர்

தமிழ்நாட்டின் பல ஊர்களில் அண்மை ஆண்டுகளில் பரவியுள்ள ஒரு வழக்கம் இங்கே குறிப்பிடத் தக்கது. திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் தாய்மாமன் சீர் கொண்டுவருவதைப் போலவே, ஊர் மக்கள் தாம்பாளங்களில் பூவும் பழமும் நோட்டும் பேனாவும் வைத்து, நாற்காலி, பீரோ, மின்விசிறி, தண்ணீர்க் குடம் ஆகியவற்றைத் தலையிலும் வண்டியிலும் ஏற்றி, மேளதாளத்தோடு அரசுப் பள்ளிக்கு ஊர்வலமாக வந்து ஒப்படைக்கிறார்கள். கல்விச் சீர் என்று இதற்குப் பெயர் சூட்டியவர்களுக்குத் தம் பண்பாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சீர் கொண்டுவருகிறவர் அந்த வீட்டில் உரிமையுள்ள உறவினர். கொடுத்த பொருளின் மதிப்பு எவ்வளவு என்பதைவிட, அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடுகிறது என்பதே பெரிது. அரசு செய்ய வேண்டிய செலவை மக்கள் தலையில் ஏற்றும் வழியாக இது மாறிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே தேவை; கட்டடமும் ஆசிரியரும் அரசின் பொறுப்பு, அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு கல்விச் சீர் கொண்டுவரும் வலிமை உண்டு. அதற்குமுன் பள்ளிகள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. புதுச்சேரி நகரத்தின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் இந்த ஆண்டு தன் முதல் பெற்றோர் கூட்டத்தைப் பிற்பகல் 2 மணிக்குமேல் வைக்கட்டும். அழைப்பை ஒரு நாள் முன்னதாகக் கையில் கொடுத்தனுப்பாமல், ஒரு வாரம் முன்பே ஆசிரியர் ஒருவரும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரும் மார்க்கெட்டுக்கு நேரில் சென்று சொல்லட்டும். கடைக்காரப் பெற்றோரும் அந்த இரண்டு மணி நேரம் பக்கத்துக் கடையை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு, முறை வைத்தாவது, பிள்ளையின் வகுப்புக்கு வந்து உட்கார வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர்களுக்குரிய இடம் சட்டப்படி உறுதி செய்யப்பட்டது. அதைக் கேட்டுப் பெறுங்கள்.